பதினான்காம் நாள் எல்லோருக்கும் வருவதில்லை

ஆடி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் இளம்பெண் வாசலில் வந்து நின்றாள். முத்தாபுதுப்பேட்டை விமானப் படைத் தளத்தை அடுத்த ஊர். சீருடைப் பணியில் இருப்போரின் குடும்பங்களுக்கு இங்கே குறைவில்லை. அவளுடைய கணவரும் வடகிழக்கு எல்லையில் பணிபுரிகிறவர். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை, பயண நாள்கள் போக ஓர் ஏழு நாள் வீட்டில் தங்கும்படி விடுப்பில் வருவார். திருமணமாகி இரண்டாண்டு நிறைந்துவிட்டது. “விசேஷம் ஒன்றும் இல்லையா?” என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த மாமியார் இப்போது கேட்பதையே நிறுத்திவிட்டார் என்றும், அதுதான் தாங்க முடியவில்லை என்றும் சொன்னாள்.

கிராம சுகாதார செவிலியராக முப்பதாண்டுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். அவள் என்னிடம் கேட்க வந்தது ஒன்றுதான். கருவுறுதல் சிகிச்சை மையம் ஒன்றில் சோதனைக்குழாய் முறைக்குச் சில இலட்சங்கள் ஆகும் என்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா என்பது அவள் கேள்வி.

“உனக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது?” என்றேன்.

“சரியாத்தான் வருது நர்சம்மா. மாசாமாசம்.”

மாதாமாதம் என்பது ஒரு கணக்கன்று. அவள் வீட்டுச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரை எடுத்துவரச் சொன்னேன். எரிவாயு உருளை மாற்றிய தேதிக்கும் பால்காரருக்குக் கொடுத்த தொகைக்கும் இடையே, பென்சிலால் இட்ட சிறு புள்ளிகள் இருந்தன. பிறர் கண்ணில் படாதபடி இடப்பட்ட புள்ளிகள். எண்ணிப் பார்த்தோம்: 34, 36, 35, 35. ஒழுங்கான சுழற்சிதான். ஆனால் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, பதினான்காம் நாளே கருவுறும் நாள் என்று கணவனும் மனைவியும் முடிவுசெய்து, அதற்கேற்ப விடுப்பைத் திட்டமிட்டிருந்தார்கள். ஒன்பதாம் நாள் வந்து, பதினைந்தாம் நாள் அவர் புறப்பட்டுவிடுவார். அவளுடைய உடலில் கருமுட்டை வெளிப்படுவதோ ஏறத்தாழ இருபத்தொன்றாம் நாளில். அதற்குள் அவருடைய ரயில் குவாஹாட்டியைக் கடந்திருக்கும்.

இரண்டாண்டுத் துயரத்துக்கு இதுவே முழுக் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால், பல இலட்சம் ரூபாய் சிகிச்சையைப் பற்றிப் பேசும் இடத்தில், ஒரு காலண்டரை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பது என்னை உறுத்துகிறது. இக்கட்டுரைக்கு அந்த உறுத்தலே காரணம்.

மாதவிலக்குச் சுழற்சியை இரு பகுதிகளாகப் பார்க்க வேண்டும். உதிரப்போக்கு தொடங்கும் நாள் முதல் நாள். அன்று தொட்டுச் சினைப்பையில் ஒரு முட்டை முதிர்ந்து வெளிப்படும் வரை முதற்பகுதி. வெளிப்பட்ட பிறகு அடுத்த மாதவிலக்கு வரை இரண்டாம் பகுதி. இந்த இரண்டாம் பகுதி, பெரும்பாலான பெண்களுக்கு 11 முதல் 16 நாள்கள் வரைதான் நீடிக்கும். ஒரே பெண்ணுக்கு மாதத்துக்கு மாதம் அதிகம் மாறுவதில்லை. மாறுவது முதற்பகுதி. சுழற்சி நீண்டால் அது முதற்பகுதி நீண்டதால்தான். காய்ச்சல், உறக்கமின்மை, உடல் எடையில் ஏற்றத்தாழ்வு, மனக்கவலை, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, தைராய்டு என எல்லாமே முட்டை முதிர்வதைத்தான் பெரும்பாலும் தள்ளிவைக்கின்றன.

ஜப்பானில் நீகாத்தா நகரில் பணியாற்றிய கியூசாகு ஒகினோ என்ற மகப்பேறு மருத்துவர் 1924-இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுவே. கருமுட்டை வெளிப்படும் நாளை, கடந்த மாதவிலக்கிலிருந்து முன்னோக்கி எண்ணிக் கண்டறிய முடியாது. வரப்போகும் மாதவிலக்கிலிருந்து 12 முதல் 16 நாள்கள் பின்னோக்கி எண்ண வேண்டும் என்றார் அவர். ஆஸ்திரியாவின் ஹெர்மன் கினாவுஸும் தனியே ஆராய்ந்து ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தார். இதில் உள்ள சங்கடம் உடனே புரியும். வராத தேதியிலிருந்து எப்படிப் பின்னோக்கி எண்ணுவது? ஆகவே சராசரியைப் பிடித்தார்கள். 28 நாள் சுழற்சி, அதில் பாதி 14. பாடநூலில் வசதிக்காகப் போட்ட ஒரு எடுத்துக்காட்டு, நூறாண்டில் விதியாக மாறிவிட்டது.

2019-இல் வெளியான ஓர் ஆய்வு, கைப்பேசிச் செயலி ஒன்றில் பெண்கள் பதிந்த ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்தது. சராசரி நீளம் 29.3 நாள்கள். சரியாக 28 நாள் நீடித்தவை 13 விழுக்காடு மட்டுமே. முட்டை வெளிப்பட ஆன சராசரிக் காலம் ஏறத்தாழ 17 நாள்கள். அதற்கு முன்பே, 2000-ஆம் ஆண்டில், அமெரிக்க ஆய்வாளர் ஆலன் வில்காக்ஸ் குழுவினர், மருத்துவ வழிகாட்டிகள் குறித்த 10 முதல் 17 வரையிலான நாள்களுக்குள் கருவுறும் காலம் முழுமையாக அடங்கிய பெண்கள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர்தாம் என்று காட்டியிருந்தார்கள். மற்றவர்களுக்கு அது முன்னதாகவோ பின்னதாகவோ அமைந்திருந்தது.

அதே குழு 1995-இல் வெளியிட்ட மற்றொரு முடிவு, என்னைப் பொறுத்தவரை, திருமணமான ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. வெளிப்பட்ட முட்டை உயிரோடிருப்பது ஒரு நாளுக்கும் குறைவே. விந்தணுவோ, பெண்ணுடலில் சாதகமான சூழல் இருந்தால், ஐந்து நாள்கள் வரை காத்திருக்கும். எனவே ஒரு சுழற்சியில் கருவுறக்கூடிய நாள்கள் ஆறு: முட்டை வெளிப்படும் நாளும், அதற்கு முந்தைய ஐந்து நாள்களும். அந்த ஆறு நாள் முடிந்த மறுநாளே கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. “முட்டை வெடித்த பிறகு சேர வேண்டும்” என்று நம் பக்கத்தில் பலர் எண்ணுவது தவறு. விந்தணு முன்னதாகவே சென்று காத்திருக்க வேண்டும். அந்த இளம்பெண்ணின் கணவர் பதினைந்தாம் நாள் புறப்பட்டார். அவளுடைய ஆறு நாள்கள் தொடங்கியது பதினாறாம் நாள்.

நாள் எண்ணுவது நமக்குப் புதிதன்று. கருவுற்றவளைத் தமிழில் “முழுகாமல் இருக்கிறாள்” என்கிறோம். மாதவிலக்கு முடிந்து தலை முழுக வேண்டிய நாளில் முழுகவில்லை என்பதையே கருவுற்றதன் அடையாளமாகக் கொண்ட மொழி இது. “நாள் தள்ளிப் போயிருக்கிறது” என்பதும் கணக்கு வைத்திருந்தவர்கள் பேசும் பேச்சே. தொல்காப்பியத்தின் கற்பியல், பரத்தையிடம் பிரிந்து சென்ற தலைவனும் தலைவிக்குப் பூப்பு நிகழ்ந்தால் பன்னிரண்டு நாள்கள் அவளை விட்டு நீங்கியிருத்தல் கூடாது என்கிறது. உரையாசிரியர்கள் அதைக் கருத்தரிக்கும் காலத்தோடு இணைத்துப் பேசுகிறார்கள். அந்த ஏற்பாட்டில் பெண்ணின் விருப்பம் எங்கே என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். கணக்கை மட்டும் பார்ப்போம். மூன்று நாள் கழித்துக் குளித்த நாளிலிருந்து பன்னிரண்டை எண்ணினால் நான்காம் நாள் முதல் பதினைந்தாம் நாள் வரை ஆகும். 28 நாள் சுழற்சி உள்ளவளுக்கு அது நன்றாகவே பொருந்தும். எங்கள் தெருப் பெண்ணுக்குப் பொருந்தாது. ஆடியில் புதுமணத் தம்பதியரைப் பிரித்துவைக்கும் வழக்கத்துக்கும், சித்திரை வெயிலில் பிள்ளைப்பேறு நேரக்கூடாது என்ற மாதக் கணக்கைக் காரணமாகச் சொல்வார்கள். இரட்டைப்படை இரவில் ஆண், ஒற்றைப்படை இரவில் பெண் என்ற மனுநூலின் கணக்கு மட்டும் எந்த உடலுக்கும் பொருந்தாதது. அதைப் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்பவர்களை இன்றும் காண்கிறேன்.

சுதந்திர இந்தியாவில் அரசே ஒருமுறை இந்த நாள் கணக்கைக் கையில் எடுத்தது. நாட்டின் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ருத் கௌர் காந்தியடிகளின் வழிவந்தவர். கருத்தடைச் சாதனங்களில் அவருக்கு ஈடுபாடு இல்லை. நாள் பார்த்து விலகியிருக்கும் முறையை மக்களிடம் சோதித்துப் பார்க்க உலக சுகாதார நிறுவனத்தின் உதவியை நாடினார். 1951-இல் ஆபிரகாம் ஸ்டோன் என்ற அமெரிக்க மருத்துவர் வந்தார். தில்லியில் அரசு ஊழியர்கள் வாழ்ந்த லோதி காலனியும், அன்றைய மைசூர் மாநிலத்தில் பெங்களூருக்கு அருகிலுள்ள ராமநகரமும் தேர்ந்தெடுக்கப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்காக ஒரு மணிமாலை உருவாக்கப்பட்டது. நாளுக்கு ஒரு மணியாக நகர்த்த வேண்டும். பச்சை மணி வந்தால் அச்சமில்லை. சிவப்பு மணி வந்தால் விலகியிருக்க வேண்டும்.

கற்க விரும்புவதாகச் சொன்னோர் பலர். தொடர்ந்து கடைப்பிடித்தோர் மிகச் சிலர். மாலையைக் கழுத்தில் அணிந்தாலே கரு தங்காது என்று நினைத்தவர்களைப் பற்றியும், மணியை நகர்த்தினாலே போதும் என்று எண்ணியவர்களைப் பற்றியும் கதைகள் வழங்குகின்றன. மக்கள்தொகைப் பாடம் நடத்துவோர் அவற்றைச் சொல்லிச் சிரிப்பார்கள். பணியில் சேர்ந்த புதிதில், பயிற்சி வகுப்பில் நானும் சிரித்தேன். இப்போது சிரிக்க முடியவில்லை. ஆண்டின் பெரும்பகுதி கருவுற்றோ பாலூட்டிக்கொண்டோ இருந்த, இரத்தசோகையால் சுழற்சி தடுமாறிய பெண்களிடம், எல்லோருக்கும் ஒரே மாதிரி கோத்த மாலையைக் கொடுத்தார்கள். சிவப்பு மணி வந்த இரவில் “வேண்டாம்” என்று கணவனிடம் சொல்லும் உரிமையையும் சேர்த்துக் கொடுக்க அரசால் முடியவில்லை. பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில், மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் உடல்நலத்துக்காகவும் கருத்தடையைப் பேசுகிறார்கள், தாம் பேசுவது பெண்ணின் விடுதலைக்காக என்று வேறுபடுத்திக் காட்டுவார். ராமநகரத்தில் தோற்றது எது என்று புரிந்துகொள்ள அந்த வேறுபாடு உதவும்.

மாலை பிற்காலத்தில் திருத்தமான வடிவில் திரும்பி வந்தது. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் உருவாக்கிய முறையில், 26 முதல் 32 நாள்களுக்குள் சுழற்சி அமையும் பெண்கள் மட்டும், எட்டாம் நாள் முதல் பத்தொன்பதாம் நாள் வரை கருவுறும் காலமாகக் கொள்ள வேண்டும். தொல்காப்பியம் போலவே இதிலும் பன்னிரண்டு நாள், தற்செயலான ஒற்றுமைதான். ஜார்க்கண்டில் இது ‘மாலாசக்கரம்’ என்ற பெயரில் அறிமுகமானது. 2002-இல் வெளியான ஆய்வின்படி, இம்முறையைப் பிழையின்றிக் கடைப்பிடித்த நூறு பெண்களில் ஓராண்டில் ஏறத்தாழ 5 பேர் கருவுற்றார்கள். நடைமுறையில் உள்ளபடி கடைப்பிடித்தவர்களில் 12 பேர். ஒரு காப்பர்-டி வளையத்துக்கு அந்த எண் ஒன்றுக்கும் கீழே. ஆகவே, கரு வேண்டாம் என்பதில் உறுதியாக இருப்பவர்களுக்கு நாள் கணக்கை மட்டும் நான் ஒருபோதும் பரிந்துரைத்ததில்லை. நான் பேசுவது குழந்தை வேண்டுவோரைப் பற்றியும், தன் உடலின் போக்கை அறிய விரும்பும் எவரையும் பற்றியும்.

எண்கள் தராத செய்தியை உடல் தருகிறது. முட்டை முதிரும்போது ஈஸ்ட்ரோஜன் சுரப்பு உயர்கிறது. அதன் விளைவாகக் கருப்பை வாயிலிருந்து ஒரு திரவம் கசியத் தொடங்கும். முதலில் பசை போலவும் கெட்டியாகவும் இருப்பது, நாள் செல்லச் செல்ல நீர்த்து, தெளிந்து, வழுவழுப்பாகும். முட்டையின் வெள்ளைக் கருவைப் போல, இரு விரல்களுக்கு இடையே வைத்து இழுத்தால் அறுபடாமல் நீளும். விந்தணுவை உயிரோடு வைத்திருந்து உள்ளே அழைத்துச் செல்வது இந்தத் திரவமே. முட்டை வெளிப்பட்டவுடன் புரோஜெஸ்டிரோன் சுரந்து, திரவம் மீண்டும் கெட்டியாகி மறைந்துவிடும். வழுவழுப்பான கடைசி நாளும் அதற்கு முந்தைய ஓரிரு நாள்களும் கருவுறுதலுக்கு மிகச் சாதகமானவை.

ஆஸ்திரேலியாவில் ஜான் பில்லிங்ஸ், எவலின் பில்லிங்ஸ் என்ற மருத்துவத் தம்பதியர் இதை ஒரு முறையாக வகுத்துக் கற்பித்தனர். பெண்களால் இதைத் தாமே கண்டறிய முடியுமா என்பதை உலக சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில் சோதித்தது. அவற்றுள் ஒன்று பெங்களூரு. மணிமாலை தோற்ற ராமநகரத்திலிருந்து அதிகத் தொலைவில்லை. 1981-இல் வெளியான அதன் முடிவின்படி, கற்றுக்கொடுத்த முதல் சுழற்சியிலேயே 93 விழுக்காட்டுப் பெண்கள் இந்த மாற்றத்தை அடையாளம் கண்டு பதிவு செய்தனர். படிப்பறிவில்லாதோரும் அவர்களுள் இருந்தார்கள்.

என் பணிக்காலத்தில் இந்த அடையாளத்தைக் கற்பிக்கும்போது நான் மோதிய சுவர் ஒன்று உண்டு. அதன் பெயர் ‘வெள்ளைப்படுதல்’. கருவுறும் நாள்களின் இந்தத் தெளிந்த திரவத்தை நம் பெண்கள் நோயென்று எண்ணுகிறார்கள். உடல் சூடு என்பார்கள்; எலும்பு உருகி வெளியேறுகிறது என்று பாட்டி சொன்னதை நம்பி அஞ்சுவார்கள். பதினாறு வயதில் இதற்காக மருந்து குடிக்கத் தொடங்கி, முப்பது வயதில் குழந்தையில்லை என்று அழுதுகொண்டு, இடையே ஒருநாளும் இரண்டையும் இணைத்துப் பார்க்காதவர்களை நான் கண்டிருக்கிறேன். உடல் மாதந்தோறும் அனுப்பிய கடிதத்தை அவர்கள் பிரிக்காமலேயே எரித்துவந்தார்கள். நோய்க்கான அடையாளங்கள் வேறு: அரிப்பு, எரிச்சல், துர்நாற்றம், திரிந்த தயிர் போன்ற தன்மை, மஞ்சள் அல்லது பச்சை நிறம், அடிவயிற்று வலி. இவற்றில் ஒன்றிருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவை எதுவுமின்றி மாதத்தில் சில நாள் மட்டும் வந்து மறையும் தெளிந்த கசிவு நலத்தின் அறிகுறியே.

மற்றோர் அடையாளம் உடல் வெப்பம். முட்டை வெளிப்பட்ட பின் புரோஜெஸ்டிரோன் காரணமாக, காலையில் படுக்கையை விட்டு எழுமுன் எடுக்கும் வெப்பநிலை 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்து, மாதவிலக்கு வரை அப்படியே நிற்கும். முட்டை வெளிப்பட்டுவிட்டது என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அது முடிந்துபோனதைச் சொல்லும் சான்று. வரப்போவதை முன்கூட்டிச் சொல்லாது. மேலும், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாரம் மாறி வாரம் இரவுப் பணிக்குச் செல்லும் பெண்ணுக்கு ‘காலையில் எழுமுன்’ என்பதற்கே பொருளில்லை. அவர்களிடம் வெப்பமானியை நான் வற்புறுத்துவதில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சோதனைப் பட்டை, முட்டை வெளிப்படுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு உயரும் எல்.ஹெச். ஹார்மோனைக் காட்டும். பயனுள்ளதுதான்; எனினும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு அது அடிக்கடி பொய் சொல்லும்.

நான் சொல்லும் முறை எளிது. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். உதிரப்போக்கு முழுமையாகத் தொடங்கிய தேதியே முதல் நாள். முன்னதாகக் காணும் சிறு கறை கணக்கில்லை. ஒவ்வொரு நாளும் இரவில் ஒரு சொல்: வறட்சி, பசை, நீர், வழுவழுப்பு. காய்ச்சல், பயணம், இரவுப் பணி இருந்தால் அதையும் குறித்தால் போதும். மூன்று சுழற்சிகள் முடிந்தால் ஒரு பெண் தன்னைப் பற்றி, எந்தப் பரிசோதனைச் சீட்டும் சொல்லாததை அறிந்திருப்பாள்.

அந்த நோட்டின் பயன் கருவுறுவதோடு முடிவதில்லை. கருவுற்றவுடன் மருத்துவமனையில் கேட்கும் முதல் கேள்வி, கடைசி மாதவிலக்கு எந்தத் தேதி என்பதே. அதனோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டிப் பிரசவ நாளைக் குறிக்கிறோம். நானே ஆயிரக்கணக்கில் குறித்திருக்கிறேன். அந்தச் சூத்திரமும் 28 நாள் சுழற்சியை நம்பியே நிற்கிறது. 35 நாள் சுழற்சி உள்ளவள் ஒரு வாரம் தாமதமாகவே கருவுற்றிருப்பாள். தொடக்க மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் அதைத் திருத்தாவிட்டால், இயல்பாக வளரும் குழந்தையைத் ‘தேதி தாண்டிவிட்டது’ என்று சொல்லி, வலி வரவழைக்க மருந்து ஏற்றும் நிலை வரலாம். சுழற்சி 21 நாளுக்குக் குறைவாகவோ 35 நாளுக்கு அதிகமாகவோ தொடர்ந்து அமைந்தாலும், மூன்று மாதங்கள் வராமலே இருந்தாலும் நோட்டோடு மருத்துவரைப் பார்க்க வேண்டும். “ஒழுங்காக வருவதில்லை” என்று சொல்வதைவிட, “41, 56, 38” என்று தேதியோடு காட்டினால் மருத்துவரின் வேலை பாதி முடிந்துவிடும்.

குழந்தை பெற்ற பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை. பாலூட்டும்போது மாதவிலக்கு வராததால் கருவும் தங்காது என்பது ஓரளவே உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரை, தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. அதன் பின் முதல் மாதவிலக்குக்கு முன்பே முட்டை வெளிப்பட்டுவிடக்கூடும். முழுகும் நாளே வராமல் மறுபடியும் முழுகாமல் போனவர்கள் எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ பேர்.

நோட்டால் ஆகாதவையும் உள்ளன. கருக்குழாய் அடைப்பை அது காட்டாது. கணவனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. பட்டாபிராம் பக்கத்தில் ஒரு தம்பதி. மனைவி ஆறு மாதம் அவ்வளவு ஒழுங்காகக் குறிப்பு எழுதிவந்தாள். அவள் நோட்டை வைத்து ஒரு வகுப்பே எடுக்கலாம். முட்டை மாதந்தோறும் தவறாமல் வெளிப்பட்டதற்கான அடையாளங்கள் அனைத்தும் அதில் இருந்தன. கரு மட்டும் தங்கவில்லை. கணவரை விந்தணுப் பரிசோதனைக்கு அழைத்தபோதெல்லாம், “எனக்கென்ன குறை?” என்ற பதிலே வந்தது. இறுதியில் அவர் போனார். விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு என்று தெரிந்தது. அவளுடைய ஆறு மாத உழைப்பைவிட, முதல் மாதத்திலேயே செய்திருக்க வேண்டிய அந்த ஒரு சோதனை எளிது, செலவும் குறைவு. குழந்தையின்மையில் ஆணின் பங்கு சிறிதன்று என்பதை மருத்துவ உலகம் எத்தனையோ முறை சொல்லிவிட்டது. ஆனாலும் நம் வீடுகளில் முதலில் சோதனை மேசையில் படுப்பவள் மனைவியே. முயற்சி தொடங்கி ஓராண்டில் கருவுறாவிட்டால் மருத்துவ உதவி நாட வேண்டும். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதமே காத்திருக்கலாம். நோட்டு எழுதுகிறேன் என்று அந்தக் காலத்தைத் தள்ளிப்போடுவது தவறு. சோதனைக்குழாய் முறை தேவைப்படுவோருக்கு அது பெரும் வரம். கணக்குப் பார்த்தாலே போதுமானவர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

“செயலியில் பதிந்தால் அதுவே சொல்லிவிடாதா?” என்று இளையவர்கள் கேட்கிறார்கள். பல செயலிகள் கடந்த தேதிகளின் சராசரியை வைத்தே அடுத்ததை ஊகிக்கின்றன. பதினான்காம் நாளுக்கு அவை பூசிய இளஞ்சிவப்பு வண்ணத்தைத்தான் எங்கள் தெருப் பெண்ணும் நம்பினாள். இன்னொன்றும் உண்டு. பயனர்களின் உடல்நலத் தரவுகளைப் பிற நிறுவனங்களோடு பகிர்ந்ததாக எழுந்த புகாரில், ஃப்ளோ என்னும் புகழ்பெற்ற மாதவிலக்குச் செயலி 2021-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு சமரச உடன்பாட்டுக்கு வர நேர்ந்தது. மாமியார் கண்ணில் படக்கூடாதென்று புள்ளியாக இடுவதை, முகமறியா நிறுவனங்களிடம் தேதிவாரியாகக் கொடுப்பானேன்? நாற்பது பக்க நோட்டு யாரிடமும் எதையும் சொல்வதில்லை.

அந்த இளம்பெண் ஐப்பசியில் மீண்டும் வந்தாள். நோட்டில் இரண்டரைச் சுழற்சிகள் எழுதியிருந்தாள். முதல் சுழற்சியில் ‘வழுவழுப்பு’ என்ற சொல் பதினேழாம் நாள் தொடங்கி இருபதாம் நாள் முடிந்திருந்தது. இரண்டாவதில் பதினெட்டு முதல் இருபத்தொன்று வரை. கார்த்திகையில் கணவருக்கு விடுப்பு. பதினைந்தாம் நாள் வந்து இருபத்திரண்டாம் நாள் புறப்படும்படி அவளே கணக்குப் போட்டுப் பயணச்சீட்டுக்குச் சொல்லியிருந்தாள். நான் திருத்த வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. விந்தணுப் பரிசோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள்கள் வரை உடலுறவு இல்லாதிருக்க வேண்டும். மூன்று நாள் ரயில் பயணம் அதற்கு வசதி. வந்திறங்கிய மறுநாள் காலையே அவரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிடு என்று சொல்லி, பதினாறாம் நாளுக்கு எதிரே அதையும் எழுதச் சொன்னேன். “அவர்கிட்ட நீங்களே போன்ல சொல்லிடுங்க நர்சம்மா” என்றாள். சொன்னேன். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “சரிங்கம்மா” என்றார்.